எட்னாவியல்: ஒரு தோற்றுவாய்

ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தை ஆராய்ந்தோர் மூவகையினர்: பர்லிங்கை வைபவர், ஷீலாவை மெச்சுபவர், இன்ஸ்பெக்டர் கூல் மனிதரா ஆவியா என்று மண்டையை உடைத்துக்கொள்பவர். கூலுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று கேட்டவர் அரிது. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. ஆய்வுக்களம், 2015 செப்டம்பரில் பிபிசி ஒளிபரப்பிய தொலைக்காட்சி வடிவம். கருவி, ரிமோட். உதவித்தொகை ஏதும் பெறப்படவில்லை, தரவும் ஆளில்லை.

வழக்கின் சுருக்கம் இது. 1912, வசந்தகாலம், பிரம்லி என்னும் கற்பனைத் தொழில்நகரம். மகள் ஷீலாவின் நிச்சயதார்த்த விருந்தில் ஆலை முதலாளி ஆர்தர் பர்லிங், போர் வராது, டைட்டானிக் மூழ்காது என்று குறி சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டர் நுழைகிறார். ஈவா ஸ்மித் என்ற பெண் கிருமிநாசினியைக் குடித்துச் செத்துப்போனாள். இருபத்திரண்டரை ஷில்லிங் வாரக்கூலியை 25 ஆக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தவளை ஆலையிலிருந்து துரத்தியவர் பர்லிங். பிறகு மகள், மாப்பிள்ளை, தாய், மகன் என்று அவரவர் பங்கு வெளியே வருகிறது.

இனி எட்னா. அவ்வீட்டுப் பணிப்பெண். திரை உயரும்போது மேசையைச் சுத்தம் செய்து போர்ட் ஒயினும் சுருட்டும் வைத்துக்கொண்டிருப்பவர் அவர். நாடகத்தின் முதல் வசனமே அவரைப் பார்த்துச் சொல்லப்படுவதுதான். அதன் பொருள் ஒயின். அவர் பேசுவதோ விரல்விட்டு எண்ணக்கூடிய வரிகள். பாட்டாளிகளின் நாடான சோவியத் ஒன்றியத்தில், 1945இல், லண்டனுக்கு முன்பே மேடை கண்ட நாடகம் இது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கும்.

எட்னாவின் தலையாய செயல் விளக்கு. இன்ஸ்பெக்டர் வரும்வரை அறையில் இளஞ்சிவப்பு வெளிச்சம், அவர் வந்தபின் கூசும் வெளிச்சம். முதலாளி வர்க்கத்தின் மாயை கலையும் குறியீடு என்று இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் தேர்வுதோறும் எழுதித் தள்ளும் இடம் இது. மூலப்பிரதியைப் பார்த்தால், வெளிச்சம் கூட்டச் சொல்பவர் பர்லிங், கூட்டுபவர் எட்னா. மாயையைக் கலைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுகிறார். மதிப்பெண் முழுதும் பிரீஸ்ட்லிக்கு.

சமையற்காரரின் நிலை இன்னும் மோசம். சாப்பாடு நன்றாக இருந்ததென்று சமையலறைக்குச் சொல்லியனுப்பச் சொன்ன பர்லிங்கை மனைவி சிபில் கடிந்துகொள்கிறார். விருந்தாளி முன் அதைச் சொல்வது கௌரவக் குறைச்சலாம். பர்லிங் அந்த இரவில் செய்த ஒரே நல்ல காரியம் அது என்பது என் துணிபு.

மேடையில் ஈவா வருவதேயில்லை. ஒரு புகைப்படம் மட்டும், அதுவும் நம் கண்ணுக்குக் காட்டப்படாது. தொலைக்காட்சியில் சோஃபி ரண்டில் ஈவாவாக ஆலையிலும் கடையிலும் நடமாடுகிறார், அழுகிறார், நம்மையும் அழவைக்கிறார். இங்கேதான் என் கருதுகோள். பார்வையாளரின் இரக்கம் ரேஷன் சரக்கு. முகம் தெரிந்தவருக்கே முதலில் அளக்கப்படும். ஒன்றரை மணிநேரத்தில் ஈவாவுக்கு அளந்து முடிகையில், எட்னாவின் முறை வருமுன்னே கடை சாத்தப்படுகிறது. கொட்டகையில் அமர்ந்தவருக்காவது ஒரு வழியுண்டு: பர்லிங் பிரசங்கம் செய்கையில் கண்ணைத் திருப்பி, தட்டோடு நிற்பவரைப் பார்க்கலாம். திரையில் அந்தச் சுதந்திரம் காமிராவினுடையது. அது பர்லிங்காக நடிக்கும் கென் ஸ்டாட்டின் முகத்தை நெருங்கிவிட்டால் தட்டு சட்டகத்துக்கு வெளியே.

(ஆய்வின்போது ஆய்வாளருக்குக் காபி கொண்டுவந்து வைக்கப்பட்டது. வைத்தவர் யாரென்று குறிப்பேட்டில் பதிவில்லை. அப்போது திரையில் முக்கியமான காட்சி.)

இன்ஸ்பெக்டர் கூலையும் விட்டுவைப்பதற்கில்லை. அவராக நடிக்கும் டேவிட் தியூலிஸின் நிதானமான பார்வையில் அந்தக் குடும்பத்தில் தப்பியவர் எவருமில்லை. ஈவாவின் கூலி ஷில்லிங் கணக்கில் நமக்குத் தெரியும். எட்னாவின் சம்பளம்? கூல் கேட்கவில்லை. தனக்குக் கதவு திறந்தவரிடம் ஒரு கேள்வியும் கேளாமல், நாமெல்லாம் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று சாப்பாட்டு அறைக்கு உரையாற்றிவிட்டுக் கிளம்புகிறார். பொறுப்பு என்ற அந்தச் சொல் எட்னாவின் காதில் விழுந்ததா என்பதற்குச் சான்றில்லை.

மூன்றாம் அங்கத்தில் ஓர் அரிய சான்று கிடைக்கிறது. வாசல் மணி அடிக்கிறது. எட்னா போவாள், தேநீர் போடுவதற்காக விழித்திருக்கச் சொல்லியிருக்கிறேன் என்கிறார் சிபில். ஒரு பெண்ணின் சாவுக்கு வீடே விசாரிக்கப்பட்ட இரவிலும் அந்த ஏற்பாடு மாறவில்லை. எட்னா வந்து மாப்பிள்ளை ஜெரால்டின் வரவைச் சொல்கிறார். தேநீர் வந்ததாக மூலப்பிரதியில் இல்லை. மறந்தாரா, மறுத்தாரா? மறுத்தார் எனில் பிரம்லியின் இரண்டாவது வேலைநிறுத்தம் சமையலறையில் நடந்தது என்றாகும். யான் இக்கட்சியே.

கடைசியில் தொலைபேசி மணி: ஒரு பெண் இப்போதுதான் இறந்தாள், விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறார். குடும்பம் திகைத்து நிற்கத் திரை விழுகிறது. அவருக்கும் கதவு திறக்கவேண்டியவர் எட்னாதான். அந்நேரத்துக்குக் கூடுதல் கூலி உண்டா என்பதை எட்னாவியலின் இரண்டாம் தொகுதி ஆராயும்.