கூடாரத்தில் தெரியும் குணம்: கேள்வி – பதில்

கேள்வி: மலையேறுகிறவனுக்குச் சிகரம் இருக்கிறது; ஏறினான், கொடி நட்டான், இறங்கினான் என்று ஊரார் புகழலாம். பனிவெளியில் வாரக்கணக்காக நடந்தவன் எதைக் கண்டான்?
(பள்ளி ஆசிரியர், தென்காசி)

பதில்: அக்கரையைக் கண்டான். தென் அமெரிக்காவின் கோடியில், சிலி, அர்ஜென்டினா என்னும் இரு தேசங்களின் எல்லையில், ஆண்டீஸ் மலைத்தொடரின்மேல் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் தென் படகோனியப் பனிவெளியை, வடக்கே கடற்கழியிலிருந்து தெற்கே ஏரிக்கரை வரையில் நெடுக நடந்தே கடந்துவிட வேண்டுமென்று 1960-ஆம் ஆண்டின் இறுதியில் எரிக் ஷிப்டனும், ஜாக் யூவர், எடுவார்டோ கார்சியா, செடோமிர் மராங்குனிச் என்ற மூவரும் புறப்பட்டு, 52 நாட்கள் பிரயாணம் செய்து மறுபுறம் இறங்கினார்கள். வழியிலே லாட்டாரோ என்னும் எரிமலை பனியைத் துளைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. அக்கினியும் பனியும் ஒரே பீடத்தில் வீற்றிருக்கும் அந்தக் காட்சிக்காக எத்தனை நாள் நடந்தாலும் தகும்.

கேள்வி: ஷிப்டன் எங்கள் இலங்கையில் பிறந்தவராமே! வெயில் நாட்டுப் பிள்ளைக்குப் பனிமேல் ஆசை எப்படி வந்தது?
(ஓர் அன்பர், கண்டி)

பதில்: ஆசைக்கு ஜன்மபூமி தடையாவதில்லை. 1907-இல் இலங்கையில் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரின் புதல்வராகப் பிறந்து, மூன்று வயது நிரம்புமுன் தந்தையை இழந்தவர் அவர். 1951-இல் எவரெஸ்டுக்கு நேபாளத்தின் பக்கமாக வழி தேடிச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கி, கும்பு பனிவீழ்ச்சியின் ஊடே ஏற வழியுண்டென்று காட்டியும், 1953-இல் வெற்றி கண்ட குழுவின் தலைமை வேறொருவருக்குப் போய்விட்டபோது, அவர் மனம் சோர்ந்து முடங்கிவிடாமல், ஐம்பது வயதைக் கடந்த பருவத்தில் படகோனியாவின் புயல்களை நோக்கித் திரும்பினார். சிறு குழு, சொற்பச் சாமான், நம்பத் தகுந்த சிநேகிதர்: இதுவே அவருடைய கொள்கை.

கேள்வி: எல்லாரும் ஒரே கயிற்றில் பிணைந்து நடந்தால், பிளவில் விழுகிறவன் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகமாட்டானா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: கயிறு தொய்ந்து கிடந்தால் இழுத்துக்கொண்டுதான் போவான், ஆகையால் தொய்ய விடுவதில்லை. பனியாறு சரிவில் இறங்கும்போது மேற்பரப்பு இழுபட்டுப் பிளக்கிறது. அப்பிளவின் வாயைப் புதுப்பனி மூடி, பார்வைக்குச் சமதளம்போல் ஒரு பாலம் அமைத்துவிடுகிறது. முன்னால் செல்பவர் கோலால் குத்திப் பார்த்து, அது தடையின்றி உள்ளே இறங்குமானால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஒருவருக்கொருவர் பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டு, நடுவே கயிற்றில் சில முடிச்சுகளும் இட்டு வைப்பார்கள். ஒருவர் விழுந்தால், கயிறு விளிம்புப் பனியை அறுத்துக்கொண்டு இறங்கும்போது முடிச்சு அதில் சிக்கி, வீழ்ச்சியின் வேகத்தில் பெரும்பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். மூவரோ நால்வரோ இருந்தால், ஒருவர் பாரத்தைத் தாங்கியிருக்க, மற்றவர் மீட்கும் வேலையைச் செய்யலாம். இருவர் மட்டுமே சென்றால் இரண்டு பொறுப்பும் ஒருவர் தலையில் விழும்.

கேள்வி: சுற்றிலும் பனி இருக்க, தண்ணீருக்கு என்ன பஞ்சம்?
(ஒரு சகோதரி, கும்பகோணம்)

பதில்: ஒவ்வொரு குவளை நீரும் எரிபொருளின் விலையில்தான் கிடைக்கிறது. வெறும் பனியைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டு அடுப்பேற்றினால் அடி காய்ந்து, உருகும் நீரிலும் தீய்ந்த வாடை ஏறும். ஆகவே, தயிருக்கு உறை எடுத்து வைப்பதைப்போல முதல்நாள் நீரில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து, அதன்மேல் பனியைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். நீர் மேற்புறத்திலிருந்து உறைவதால், இரவில் குப்பியைத் தலைகீழாக வைத்தால் விடியும்போது வாய் அடைபட்டிராது. கூடாரத்துக்குள் அடுப்பு எரியும்போதெல்லாம் காற்றுவழி திறந்திருப்பது அவசியம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு, புயலைக் காட்டிலும் ஓசையின்றி உயிரைக் கொண்டுபோய்விடும்.

கேள்வி: குளிர்ப் பிரதேசத்தில் கறுப்புக் கண்ணாடி நாகரிகத்துக்கா?
(வாசகர், சேலம்)

பதில்: கண்ணுக்கு! புதுப்பனி வெயிலின் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்புகிறது; கண்ணாடியின்றி நடந்தவர் அன்றிரவே மணல் கொட்டியதுபோன்ற வலியோடு குருடராய்க் கிடப்பார். ஒளி கீழிருந்தும் வருவதால் மூக்குத் துவாரத்தின் உட்புறமும் வெந்துபோகும்.

கேள்வி: சிநேகிதர்களோடு அப்படியொரு யாத்திரை போக விருப்பம். எப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வது?
(வங்கி ஊழியர், மதுரை)

பதில்: நல்ல வானிலையில் நடக்கும்போது எல்லாரும் உத்தமர்களே. பசிபிக் சமுத்திரத்தின் ஈரக்காற்று வேறு தடையின்றி வந்து முதன்முதலாக மோதும் மதில் படகோனிய மலைத்தொடராகையால், புயல் தொடங்கினால் நாட்கணக்கில் ஓயாது. அந்நாட்களில் ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் படும்படி ஒரே கூடாரத்தில் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கும். பேச்சு தீர்ந்தபின் மௌனமாக இருக்கத் தெரிந்தவரையும், பங்கு ரொட்டியில் பெரிய துண்டைத் தேடாதவரையும், நள்ளிரவில் கூடாரத்தின்மேல் பனி கனக்கும் சப்தம் கேட்டதும் எவரும் எழுப்பாமலே எழுந்து மண்வாரியை எடுக்கிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமாக நடக்கிறவர் பிறகு வரட்டும். 1934-இல் நந்தாதேவியின் மலைச்சுற்றுக்குள் ஷிப்டனோடு வழி கண்ட டில்மன், 1955–56-இல் சிறு படகில் வந்து, இதே பனிவெளியைக் குறுக்கே கடந்து திரும்பியவர். வருஷக்கணக்காகப் பனியாறுகளில் ஒன்றாக உறங்கிய அந்த இருவரும் ஒருவரையொருவர் குடும்பப் பெயராலேயே அழைத்து வந்தார்களாம்; இனி 'எரிக்' என்று கூப்பிடலாமே என்று ஷிப்டன் கேட்டபோது, டில்மன் கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். அன்யோன்யத்துக்கு அழைப்பு முறை அவசியமில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

கேள்வி: அந்த நால்வர் நடந்த வழி இன்றும் இருக்கிறதா?
(மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: முழுவதும் இல்லை. அவர்கள் ஏறத் தொடங்கிய ஹோர்ஹே மோன்ட் பனியாறு அன்றிலிருந்து பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. பனி இருந்த இடத்தில் இப்போது கடல்நீர் நிற்கிறது. நால்வரில் ஒருவரான மராங்குனிச், பின்னாளில் பனியாறுகளை ஆராய்வதையே தம் தொழிலாகக் கொண்டார். நீங்களும் என்றேனும் அங்கே சென்றால், முன்னவர்கள் படம் எடுத்த இடத்திலேயே நின்று, அதே திசை நோக்கி ஒரு படம் எடுத்து, தேதி குறித்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது கணக்கு ஏடாக உதவும்.