சாம்பல் கப்பலின் திக்விஜயம்

பிலடெல்பியா லேசுப்பட்ட ஊர் அல்ல. அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை 1776ல் நிறைவேற்றிய ஊர். மனிதர்கள் எல்லாரும் சமம் என்று காகிதத்தில் எழுதி உலகத்துக்கே படித்துக்காட்டிய ஊர். மனிதர்கள் விஷயத்தில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. குப்பை விஷயத்தில்தான் கொஞ்சம் தடுமாறிவிட்டார்கள்.

நகரத்துக் குப்பையை உலையில் போட்டு எரித்தால் தொல்லை விட்டது என்று அங்கே ஒரு நம்பிக்கை. எரித்தார்கள். குப்பை போய்ச் சாம்பல் வந்தது. அதில் ஈயம், காட்மியம், டயாக்ஸின் என்று சகல பரிவாரமும் இருந்தது. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1984ல் நியூஜெர்சி "போதுமப்பா சாமி" என்று கதவைச் சாத்தியது. நகராட்சி யோசித்தது. உலகத்தில் எந்த நகராட்சியும் செய்வதைச் செய்தது: ஒரு கான்டிராக்டரைப் பிடித்தது. கான்டிராக்டர் சப்-கான்டிராக்டரைப் பிடித்தார். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு மேல்விளக்கம் தேவைப்படாது.

1986 செப்டம்பர் வாக்கில் 'கியான் ஸீ' என்ற கப்பலில் சுமார் 14,000 டன் சாம்பலை ஏற்றினார்கள். சரக்கு அமெரிக்காவுடையது, கொடி லைபீரியாவுடையது. ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கேட்பது என்று யாருக்கும் தெரியக்கூடாது. கடல்வாணிபத்தில் இந்தக் கலைக்கு நல்ல மரியாதை உண்டு.

முதல் நிறுத்தம் பஹாமாஸ். அங்கே ஒரு தீவில் கொட்டுவதாகத் திட்டம். பஹாமாஸ் அரசு கப்பலைப் பார்த்தது, சாம்பலைப் பார்த்தது, போய்வரச் சொன்னது. டொமினிகன் குடியரசு, ஹோண்டுராஸ், பனாமா, பெர்முடா, ஆப்பிரிக்காவில் கினி-பிஸ்ஸாவ் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியது. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே கடலில் கழிந்தது.

1987 முடியும் சமயத்தில் கப்பல் ஹைட்டியின் கோனாயீவ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஹைட்டிக்காரர்கள் பிரெஞ்சு எஜமானர்களை அடித்து விரட்டிவிட்டு, 1804 ஜனவரி முதல் தேதி சுதந்திரம் அறிவித்தது இதே ஊரில்தான். ஒரு சுதந்திர நகரத்தின் கழிவு இன்னொரு சுதந்திர நகரத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. சர்வாதிகாரி துவாலியே நாட்டைவிட்டு ஓடி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை; நிர்வாகம் ராணுவத்தின் கையில். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு அனுமதிச் சீட்டு கிடைப்பது கஷ்டமா என்ன? கிடைத்தது. சரக்கு என்ன என்ற இடத்தில் 'உரம்' என்று எழுதியிருந்தது.

1988 ஜனவரியில் உரத்தைக் கடற்கரையில் கொட்ட ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 4,000 டன் இறங்கியபோது கிரீன்பீஸ் அமைப்பு அரசாங்கத்தின் காதில் விஷயத்தைப் போட்டது. வணிக அமைச்சர் பதறிப்போய், கொட்டியதையெல்லாம் திருப்பி ஏற்றச் சொல்லி உத்தரவு போட்டார். கப்பல் அன்று காட்டிய சுறுசுறுப்பை அதன் ஆயுளிலேயே வேறெப்போதும் காட்டியிருக்காது. சாம்பலை அப்படியே போட்டுவிட்டு நழுவியது.

மிச்சமிருந்த பத்தாயிரம் டன்னோடு சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி டெலாவேர் வளைகுடாவில் நின்றது. பெற்றவர்களே ஏற்கவில்லை. மறுபடி கிளம்பி செனகல், மொராக்கோ, யூகோஸ்லாவியா. அங்கே ரிப்பேர் பார்த்துக்கொண்டு பெயரை 'ஃபெலிசியா' என்று மாற்றிக்கொண்டது. ஊரெல்லாம் கடன் வைத்தவன் மீசையை மழித்துக்கொள்வதில்லையா? பிறகு 'பெலிகானோ' என்று இன்னொரு பெயர். இலங்கைப் பக்கமும் வந்து எட்டிப்பார்த்தது, அங்கும் பலிக்கவில்லை. 1988 நவம்பரில் சிங்கப்பூரில் தென்பட்டபோது கப்பல் காலி. பத்தாயிரம் டன் சாம்பல் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் கொட்டிவிட்டார்கள் என்பது பின்னால் வழக்கில் வெளிவந்தது. அஸ்தி கரைக்க நாம் ராமேஸ்வரம் போனால் ஒரு சாஸ்திரிகளாவது கூட இருப்பார். இது சாட்சியே இல்லாமல் நடந்த காரியம். 1993ல் அமெரிக்க கோர்ட்டில் கப்பல் ஏஜென்சியைச் சேர்ந்த இரண்டு பேர் பொய்சாட்சி சொன்ன குற்றத்துக்காக மாட்டினார்கள்.

இந்தக் கப்பல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் மற்ற தேசத்துக் கனவான்களும் சும்மா இருக்கவில்லை. நைஜீரியாவின் கோகோ என்ற ஊரில் ஒருவருடைய கொல்லையை மாசம் 100 டாலர் வாடகைக்குப் பிடித்து, இத்தாலிக்காரர்கள் ஆயிரக்கணக்கான நச்சு பீப்பாய்களை அடுக்கிவைத்தார்கள். 1988ல் விஷயம் வெடித்ததும் நைஜீரியா ரோமிலிருந்த தன் தூதரைத் திரும்பக் கூப்பிட்டு, ஒரு இத்தாலியக் கப்பலையும் பிடித்துவைத்துக்கொண்டது. பேச்சுவார்த்தைக்கு அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. கினி-பிஸ்ஸாவுக்கோ 60 கோடி டாலர் தருகிறோம், உங்கள் மண்ணில் கொஞ்சம் புதைத்துக்கொள்கிறோம் என்று ஆசைகாட்டினார்கள். அந்த நாட்டின் வருஷ வருமானத்தைப்போல் அது பல மடங்கு. கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொன்னார்களே, அவர்களுக்குச் சிலை வைக்கலாம்.

இவ்வளவு நாறிய பிறகு 1989 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் தேசங்கள் கூடின. சுத்தத்துக்குப் பேர்போன ஊர். ஆப்பிரிக்க நாடுகள் நச்சுக் கழிவு ஏற்றுமதியை முழுசாகத் தடை செய்யச் சொன்னன. பணக்கார நாடுகள் யோசித்து ஒரு நடுவழி கண்டுபிடித்தன: கொட்டலாம், ஆனால் கொட்டும் முன் கடிதம் எழுதி, எதிராளியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கவேண்டும். திருடன் இனி முன்கூட்டியே தபால் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்று சட்டம். ஆப்பிரிக்க நாடுகள் தலையில் அடித்துக்கொண்டு, 1991ல் பமாகோவில் கூடித் தங்கள் கண்டத்துக்குத் தனியாக ஒரு தடை ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு அனுப்பக்கூடாது என்ற திருத்தம் பேசல் ஒப்பந்தத்தில் 1995ல் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பரில். 24 வருஷம். அவசரப்பட்டார்கள் என்று யாரும் குறை சொல்லமுடியாது.

நடுவில் 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையெழுத்தோடு ஒரு குறிப்பு போனது. கூலி குறைந்த நாட்டில் நச்சுக் கழிவைக் கொட்டுவதில் பொருளாதாரக் கணக்குப்படி பிழையே இல்லை, ஆப்பிரிக்கா போதிய அளவு மாசுபடவில்லை என்கிற ரீதியில் எழுதியிருந்தது. வெளியே கசிந்ததும் அது கிண்டல் என்றார்கள். உலக வங்கியில் நகைச்சுவைக்கு என்று தனி இலாகா இருப்பது அன்றுதான் தெரிந்தது. காரசாரமாகக் கண்டித்து எழுதிய பிரேசிலின் சுற்றுச்சூழல் செயலர் லுட்ஸன்பெர்கருக்கு 1992ல் பதவி போனது. சம்மர்ஸ் 1999ல் அமெரிக்க நிதியமைச்சர் ஆனார்.

கோனாயீவ் சாம்பல் என்ன ஆயிற்று? பன்னிரண்டு வருஷம் அங்கேயே கிடந்தது. பிலடெல்பியா மேயருக்கு உறையில் கொஞ்சம் சாம்பல் போட்டுத் தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள் ஆர்வலர்கள். ஐ.நா.வால் ஆகாதது கடைசியில் நியூயார்க் நகரின் குப்பை லைசென்ஸ் ஆபீசால் ஆனது. பழைய கான்டிராக்டரோடு தொடர்புள்ள ஒரு கம்பெனி அங்கே லைசென்ஸ் கேட்டு வந்தது. ஹைட்டியில் போட்டதை எடுக்க உதவு, பிறகு பார்க்கலாம் என்றார்கள். 2000ல் இரண்டாயிரத்துச் சொச்சம் டன் கிளம்பியது. அமெரிக்காவிலும் யாரும் வாங்கிக்கொள்ளாததால் ஃபுளோரிடாவில் ஒரு படகிலேயே இரண்டு வருஷம் நின்று, மேலே செடிகூட முளைத்துவிட்டது. 2002ல் பென்சில்வேனியா மாநிலத்திலேயே ஒரு குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். பிலடெல்பியா இருப்பதும் அதே மாநிலத்தில்தான். லாரியில் போனால் சில மணி நேரம்.

பழைய கதைதானே என்று நினைக்கவேண்டாம். 2017 முதல் பிரிட்டனிலிருந்து கொழும்புக்குப் பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் கன்டெய்னர்கள் வந்து இறங்கின. உள்ளே மருத்துவமனைக் கழிவும் இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் சொன்னார்கள். கோர்ட் வரை போய், மொத்தம் 263 கன்டெய்னர்களில் கடைசியானது 2022 பிப்ரவரியில்தான் திரும்பிப் போனது. இத்தனைக்கும் பிரிட்டன் பேசல் ஒப்பந்தத்தில் முறையாகச் சேர்ந்த நாடு. அமெரிக்கா 1990ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுதி செய்யவில்லை.