வாருற மணலு எங்க போவுது தம்பி?

வா தம்பி, தி. நகர்லேர்ந்தா வர்றே? நல்ல ஊரு. ஏரியைத் தூர்த்து ஊராக்கினவங்க பேரப்புள்ளை நீ. தண்ணியை எப்படி நிறுத்தறதுன்னு உனக்கா நான் சொல்லித் தரணும்? இருந்தாலும் கேக்கறே. சீனிவாசபுரத்துக் கெழவன் சும்மாத்தானே குந்திக்கினு இருக்கான்.

கடல் உள்ள வருதேன்னு கவலைப்படாதே. கல்லைக் கொட்டு. அதுதான் கௌரவம். கல்லுக்கு பில்லு போடலாம், எண்ணிக் காட்டலாம், பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கலாம். மணலைக் கொட்டினா? நாலு மாசத்துல காணோம். ஆடிட்டர் வந்து 'எங்கய்யா மணலு'ன்னு கேட்டா கடலையா கைகாட்டறது? கல்லு எடம் மாறாது. அதுக்கு வடக்கே இருக்கற குப்பம்தான் எடம் மாறும். அவங்களுக்கு ஊருக்கு வெளியே எங்கயாவது மாத்து வீடு குடுத்துக்கலாம்.

வெள்ளைக்காரன் 1875ல நம்ம மெட்ராஸ் ஆர்பருக்கு அடிக்கல் போட்டான். 1881ல புயல் வந்து பேத்துப் போட்டுது, திரும்பவும் கட்டினான். நம்ம கரையில வருஷத்துல பாதிக்கு மேல தெண்டிதான், தெற்கேர்ந்து வடக்கே மணலை இழுத்துக்கினு போற நீரோட்டம். ஐப்பசி, கார்த்திகையில வன்னி, அது தலைகீழ். கூட்டிக் கழிச்சா மணலு வடக்கே போறதுதான் கணக்கு. குறுக்கே செவுரு வந்ததும் தெற்குப் பக்கம் குவிஞ்சுது. நீ சாயங்காலம் சுண்டல் திங்கற மெரினா அதான்! ராயபுரம், திருவொத்தியூர், எண்ணூருக்குப் போக வேண்டிய மணலு. நீ அதுமேல உக்காந்து காத்து வாங்கறே, அந்த ஊர்க்காரன் கரையில கொட்டி வெச்ச கல்லுமேல உக்காந்து வலை பின்னறான். காத்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், விடு.

இப்ப நம்ம அடையாத்து வாய். மணலு மேடு கட்டி அடைச்சுக்கும், மழைக்கு முன்னாடி பொக்லைன் வரும். வாளி நிறைய அள்ளும், தண்ணி ஒழுக ஒழுகத் திரும்பும், கொஞ்சம் தள்ளிக் கரைமேலயே கொட்டும். பெரிய அலை ஒண்ணு வந்தா அதுல பாதி வழிஞ்சு திரும்ப வாய்க்குள்ளயே எறங்கும். டிரைவர் பையன் பீடி பத்த வெச்சுக்கினு மறுபடி அள்ளுவான். கடலும் அவனும் ஆளுக்கொரு ஷிப்டு. அந்த வாய்க்கு வடகரைதான் எங்க சீனிவாசபுரம், 2018ல அலை வந்து வீடுங்களை இடிச்சுக்கினு போச்சு. மணலு சேந்து ஆறு அடையுது, மணலு இல்லாம கரை கரையுது, ரெண்டும் கூப்பிடு தூரம். ஃபைலுங்கதான் வேற வேற மேசையில இருக்கும்போல.

வாரினதை இல்லாத பக்கம் சேக்கறது புது வித்தை ஒண்ணும் இல்லை. விசாகப்பட்டினத்துல துறைமுக வாசல்ல சேர்ற மணலை வாரி வடக்கே ஊர் பீச்சுக்கு விடறாங்க. எண்ணூர்ல புது துறைமுகம் தோண்டினப்போ வந்ததுல சுமார் 35 லட்சம் கன மீட்டரைக் கரைக்கே குடுத்தாங்க. நெதர்லாந்துக்காரன் 2011ல 2 கோடி கன மீட்டருக்கு மேல ஒரே எடத்துல கொட்டிட்டு, 'நீயே பரப்பிக்கோ'ன்னு கடல்கிட்டயே விட்டுட்டான். கூலி மிச்சம். பாண்டிச்சேரிதான் பாவம். 1989ல துறைமுகம் முடிஞ்சுது, மணலை அந்தப் பக்கம் தாண்டி விடற வேலை சரியா நடக்கலை, பீச் ரோட்டுக்குக் கல்லுதான் மிஞ்சுச்சு. கடைசியில நம்ம பள்ளிக்கரணை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்துக்காரங்க 2018ல தண்ணிக்கடியில தடுப்பு வெச்சாங்க, கொஞ்சம் மணலு எட்டிப் பாத்துது.

ஒரு சூதானம். ஆத்துல வாரினதெல்லாம் மணலு ஆயிடாது. கையில எடுத்துக் கசக்கிப் பாரு. நறநறன்னு உதிர்ந்தா கரைக்கு. மாவாட்டம் இருந்தா ஒரு சீசன்ல கரைஞ்சு போயிடும். கறுப்பா ஒட்டிக்கினு நாத்தம் அடிச்சுதுன்னா அது மாம்பலம் கால்வாய் வழியா உங்க வீட்டுலேர்ந்து வந்தது, மரியாதையா திருப்பி எடுத்துக்கினு போ.

நேரமும் பாக்கணும். சித்திரையில தெண்டி இழுக்கறப்போ வடகரையில விட்டா மணலு பாட்டுக்கு வடக்கே நடக்கும். ஐப்பசியில விட்டா வன்னி அதைத் திருப்பிக் கொண்டாந்து ஆத்து வாயிலயே வெச்சுடும், மறுபடி டெண்டர் விடணும். அதுவும் தப்பில்லை, காண்ட்ராக்டருக்கும் புள்ளைகுட்டி இருக்கில்ல?