ரிச்சி தெருக் கொட்டேஷன் சீட்டு: ஒரு சுவடியியல் நோக்கு

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர் கைக்கு முதலில் வருவது ஒரு சீட்டு. பில் புத்தகத்திலிருந்து கிழித்த அரைத்தாள், பால்பாயிண்ட் பேனா, பத்து வரிக்கு மிகாத வாசகம். ஆசிரியர் பெயர் இராது. காலம் மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும்; 'இந்த ரேட் இன்னிக்கு மட்டும்தான் சார்' என்ற வாய்மொழிக் குறிப்பு கூடவே வரும். ராம் விலை தறிகெட்டு ஏறிய 2025 கடைசியில் இக்குறிப்பு 'மத்தியானம் வரைக்கும்தான்' என்று சுருங்கியதும் உண்டு. கல்யாண வீடியோ எடிட் செய்ய ஐம்பதாயிரத்துக்குள் ஒரு சிஸ்டம் என்று கேட்போருக்குக் கிடைக்கும் இவ்வகைச் சீட்டுகளை அறிஞருலகம் இதுவரை ஏறெடுத்தும் பாராதது வியப்பே. கேமிங் சீட்டுகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. அவற்றுக்கு உரையெழுத வீட்டுக்கு வீடு ஒரு தம்பி இருக்கிறான்.

கருதுகோள் இது: சீட்டில் ஒரு பொருள் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ, எடிட்டிங்குக்கு அதனால் அவ்வளவு பயன் குறைவு.

ப்ராசசர் வரியில் 'ஐ5 12400எஃப்' என்பதே பெரும்பான்மைப் பாடம். 'ஐ5 12400' சிறுபான்மை. கடைசியில் நிற்கும் எஃப் ஓர் எதிர்மறை விகுதி. உள்ளிருக்கும் கிராஃபிக்ஸை இல்லையென்று ஆக்கிவிடும், விலையையும் கொஞ்சம் குறைக்கும். பட்ஜெட்காரர் மகிழ்ந்து தலையாட்டும் இடமும் இதுதான், ஏமாறும் இடமும் இதுதான். கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. பக்கத்து ஃப்ரேமிலிருந்து மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆகவே தாலி கட்டும் ஒரு நொடியில் கர்சரை நிறுத்தினால், முன்னும் பின்னும் உள்ளவற்றை விசாரித்த பிறகே மென்பொருள் அதைக் காட்ட முடியும். பெண் கொடுக்கச் சம்மதமா என்று பெரியப்பாவில் தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்டு வருவதைப் போல. இந்த விசாரணைக்கென்றே ஒரு தனிப் பகுதியை இன்டெல் 2011-இல் ப்ராசசரின் கிராஃபிக்ஸுக்குள் வைத்தது. பெயர் க்விக் சிங்க். எஃப் விகுதி பெற்றதில் அது கிடையாது.

'அதான் கார்டு போடறோமே சார்' என்பது கடைத் தரப்பு. வாதம் நியாயமானதே, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே விசாரணையை நடத்தும் டிகோடர் உண்டு. ஆனால் மண்டபங்களில் இன்று புழங்கும் மிரர்லெஸ் கேமராக்கள் பல 10-பிட் 4:2:2 என்ற முறையில் பதிகின்றன. அதை ஹெச்.265-இல் பதிந்திருந்தால் 12400-இன் உள் கிராஃபிக்ஸ் சிரமமின்றிப் படிக்கும். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் கையை விரித்துவிடும். டாவின்சி ரிசால்வில் கலர் கிரேடிங்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் செய்வோருக்குக் கார்டு அவசியம்தான். எடியஸில் ரோஜாப்பூ தூவி முடிப்போர் அதை அடுத்த முகூர்த்த சீசனுக்குத் தள்ளிவைக்கலாம். கார்டு செருகியதும் சில போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தாமாகவே தூங்கவைத்துவிடும். பயாஸுக்குள் போய் எழுப்ப வேண்டும். இது எந்தச் சீட்டிலும் எழுதப்பட்டதில்லை.

ஏஎம்டி மரபில் இலக்கணமே வேறு. ரைசன் 5 5600 என்றால் கிராஃபிக்ஸ் இல்லை, 5600ஜி என்றால் உண்டு. இரு மரபினருக்கும் இடையிலான சண்டையில் தலையிடும் துணிவு இவ்வாய்வாளருக்கு இல்லை.

'16 ஜிபி ராம்' என்பது முற்றுப்பெறாத வரி. எட்டும் எட்டுமா, ஒற்றைப் பதினாறா? இரண்டாகப் போட்டால் இரட்டைச் சேனல், வேகம் கூடும். ஆனால் ஹெச்610 போர்டில் பொதுவாக இரண்டே ஸ்லாட். நாளை 32 ஆக்க நினைத்தால் இரண்டையும் கழற்றி ஓரங்கட்ட வேண்டும். ஒற்றைப் பதினாறை வாங்கிவிட்டு, அடுத்த பார்ட்டி பாக்கியைக் கொடுத்ததும் இன்னொன்று சேர்ப்பதே உத்தமம். பார்ட்டி எப்போது கொடுப்பார் என்பது வேறு துறை.

எஸ்எஸ்டி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் 12.5 மெகாபைட்தான், சாதா ஹார்ட் டிஸ்க்கே அதைப்போல் பல மடங்கு தரும். பெட்டியில் வேகம் '7,000' என்று அச்சிட்ட ரகத்துக்கு அதிகப் பணம் வேண்டாம். இடம்தான் சிக்கல். மணிக்கு 45 ஜிபி வீதம் இரண்டு கேமரா, எட்டு மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 720 ஜிபி. '500 ஜிபி' என்று எழுதிய சீட்டு பெண்ணழைப்போடு நின்றுவிடும்.

இனி, தாளின் ஓரத்தில் சிதைந்து கிடக்கும் பகுதி: 'எஸ்எம்பிஎஸ் 450வா.' கம்பெனி பெயர் இல்லை. சில பிரதிகளில் வரியே இல்லை. 'கேபினட்டோடயே வருது சார்' என்ற செவிவழிச் செய்திதான். 80 பிளஸ் முத்திரை பெற்ற மின்வழங்கி 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் காட்டியிருக்க வேண்டும். முத்திரையற்ற 450 எந்த 450 என்பது செய்தவருக்கே வெளிச்சம். இதற்கு நேர் மேலே, பட்டை எழுத்தில், 'ஆர்ஜிபி கேபினட், 4 ஃபேன், ஃபுல் கிளாஸ்.' முகப்பு முழுக்கக் கண்ணாடி என்றால் காற்று எந்த வழியாக நுழையும்? அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத ஸ்டூடியோவில் நெடுநேரம் ரெண்டரிங் ஓடி, ப்ராசசர் 100 டிகிரியைத் தொட்டால், தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீல விளக்கு மட்டும் சற்றும் குறையாமல் எரியும். யுபிஎஸ் என்ற சொல் எப்பிரதியிலும் தட்டுப்படவில்லை.

ஒப்புநோக்கிய சீட்டுகள் அனைத்திலும் பாடபேதமே இல்லாமல், தெளிந்த கையெழுத்தில், இரட்டை அடிக்கோட்டுடன் காணப்படும் வரி ஒன்றே: 'மவுஸ் பேட் ஃப்ரீ.'