எட்டு வரித் திரை

கேள்வி: எட்டே வரிகள் தெரியும் திரையுடைய டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினியை அக்காலப் பத்திரிகை நிருபர்கள் அத்தனை அபிமானத்துடன் சுமந்து திரிந்ததன் காரணம் என்ன?

பதில்: எழுதுகிறவனுக்கு அவசியமானது எது என்பதை அதன் சிருஷ்டிகர்த்தாக்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள் என்பதே காரணம். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்து, 1983-இல் அமெரிக்காவின் ரேடியோ ஷாக் கடைகளில் விற்பனைக்கு வந்த அந்த யந்திரம், ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையும், தட்டச்சுப் பொறிக்கு நிகரான முழு அளவு விசைப்பலகையும், வரிக்கு 40 எழுத்துகள் காட்டும் திரையும் உடையதாய், நான்கு பென்சில் பாட்டரிகளைக் கொண்டே ஏறத்தாழ 20 மணி நேரம் உழைத்தது. விசையைத் தள்ளிய க்ஷணமே விழித்துக்கொண்டு, அணைத்த பின்னும் எழுதியதை மறவாமல் ஞாபகத்தில் வைத்திருந்து, உள்ளேயே பொருத்தப்பட்ட மோடத்தின் மூலம் தொலைபேசிக் கம்பி வழியே செய்தியைப் பத்திரிகாலயத்துக்கு அனுப்பிவைத்த அத்தகைய சகாவை, பிரயாணமே தொழிலாகக் கொண்ட நிருபர் எவர்தாம் விட்டுப் பிரிவார்? திரை சிறியது என்பதும் ஒரு குறையன்று; எழுதுகிறவன் ஒரு சமயத்தில் எழுதுவது ஒரு வாக்கியமே ஆதலால், அது எட்டு வரிகளுக்குள் அடங்காவிடில், சுருக்க வேண்டியது வாக்கியத்தையே தவிர, பெருக்க வேண்டியது திரையை அன்று.