மப்ளர் மருமகனுக்கு மாமன் சொல்லும் புத்தி

மாப்ளே, டெல்லியிலிருந்து வந்து இறங்கினவன் வீட்டுக்குக்கூடப் போகாம டீக்கடையில உக்காந்து குளிர்க்கதை ஆரம்பிச்சே. 2023 ஜனவரி 16-ஆம் தேதி சப்தர்ஜங்குல 1.4 டிகிரி, பல்லு தந்தியடிச்சுது, ரெண்டு ஸ்வெட்டருக்கு மேல கோட்டு மாட்டிக்கிட்டு ஆபீஸ் போனேன்னு சொன்னே. கடைக்காரன் வடை போடுறதை நிறுத்திட்டுக் கேட்டான். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. மறுநாள் விடியக்காலம் பார்த்தா, திண்ணையில குரங்குக் குல்லா, மப்ளர், காலுறை சகிதம் ஒரு மூட்டை உக்காந்திருக்கு. என் தங்கச்சி பாவம், அந்த மூட்டைக்கு வெந்நி போட்டுக்கிட்டு இருக்கா.

ராமேசுவரத்துல எந்த மார்கழியிலயும் பாதரசம் இருபதுக்குக் கீழ இறங்குறது அபூர்வம்டா. சுத்திக் கடல். பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். 1.4-ஐ ஜெயிச்ச வீரன் இருபத்தி மூணுகிட்ட விழுந்துட்டியே!

இதுல உன் குத்தம் பாதிதான். டிகிரியைப் பார்த்துப் பழகிட்டே. இங்க குளிரைக் காத்தை வச்சுத்தான் பார்க்கணும். ஐப்பசி பிறந்தா வடகிழக்கேயிருந்து வாடை கிளம்பிரும். உப்பையும் ஈரத்தையும் சேத்துக்கிட்டு வர்ற காத்து அது. உன் கோட்டுக்குள்ள எப்படிப் பூந்துச்சுன்னு உனக்கே தெரியாது. பாக் ஜலசந்தி இருக்கே, நம்ம வடகடல், அது வாடை அடிக்கிற வரைக்கும் பொங்கிக்கிட்டே நிக்கும். தீவுக்கு இந்தப் பக்கம் திரும்பினா தென்கடல், மன்னார் வளைகுடா, அடங்கிக் கெடக்கும். மேற்கேயிருந்து கச்சான் காத்து எடுக்கட்டும், அப்ப தென்கடல் ஆட ஆரம்பிக்கும், வடகடல் படுத்துரும். தனுஷ்கோடியில கரைவலை இழுக்குறவங்க இதைப் பார்த்துத்தான் கரை மாத்துறாங்க. நீ மட்டும் வடகடல் ஓரமாப் போயி நின்னு செல்ஃபி எடுத்துட்டு, மூக்கு ஒழுகுதுன்னு வந்து நிக்கிறே.

குளிர்ல என்னத்தைப் பார்க்குறது மாமான்னு கேட்டேல்ல? முதல்ல விடியுமுன்ன அக்னி தீர்த்தத்துக்குப் போ. பீகார், ராஜஸ்தான், குஜராத்துன்னு ரயில் ரயிலா வந்த சனம் நிக்கும். எழுபது வயசுக் கிழவி சேலையோட கடல்ல முங்கிட்டு, கோயிலுக்குள்ள இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் நடக்கும். நீ பக்கத்துல மப்ளரோட நில்லு, அதுங்களுக்குச் சிரிக்க ஒண்ணு வேணும்ல. ஒரு ரகசியம் சொல்றேன். அந்தத் தீர்த்தக் கிணத்துத் தண்ணி மார்கழியிலயும் வெதுவெதுன்னுதான் இருக்கும். மண்ணுக்கு அடியில கெடக்குற தண்ணிக்கு மாசம் தெரியாது. வாளித் தண்ணி தலையில விழுறப்ப சுகமா இருக்கும். ஒரு கிணத்துக்கும் அடுத்த கிணத்துக்கும் நடுவுல ஈரத்துணியோட நடக்குற நடை இருக்கு பாரு, அங்கதான் வாடை உன்னை விசாரிக்கும். அதனால நிக்காம ஓடு. மெதுவாப் போனாப் புண்ணியம் கூடும்னு எவனும் எழுதி வைக்கல.

அடுத்து உத்தரகோசமங்கை. ராமநாதபுரத்துக்குப் பக்கந்தான், ஆனா நீ இன்னும் போனதில்ல, தாஜ்மகாலைப் பார்த்துட்டே. அங்க மரகத நடராசர் வருசம் பூராவும் சந்தனக் காப்புக்குள்ளதான் இருப்பாரு. மரகதம் அதிர்வு தாங்காதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் மட்டும் அந்தச் சந்தனத்தைக் களைவாங்க. ஆருத்ரா தரிசனம் ஆனதும் புதுச் சந்தனம் சாத்திருவாங்க. யோசிச்சுப் பாரு மாப்ளே. சித்திரை வெயில்ல போர்வைக்குள்ள இருந்துட்டு, மார்கழிப் பனியில அதைக் கழட்டி வைக்கிற சாமி நம்ம சாமி! அவரைப் பார்க்க ராத்திரியெல்லாம் வரிசையில நிக்கிற சனத்துல பாதி, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நடுங்கும். சாமி பச்சையா நிப்பாரு. களைஞ்ச சந்தனத்தைப் பிரசாதமாக் கொடுப்பாங்க. வாங்கி நெத்தியில வை. குல்லாவை ஏத்தி விட்டாத்தான் நெத்தி கிடைக்கும், ஞாபகம் இருக்கட்டும்.

பூநாரையை நான் சொல்லாமலே நீ போயிப் பார்த்துருவே, போட்டோவுக்கு ஆகும். கட்ச் பக்கத்துலயிருந்து வருதுன்னு பறவை பார்க்குறவங்க சொல்றாங்க. அதுங்க சேத்துல நின்னு மேயுற தனுஷ்கோடிப் பக்கத்தை 2025-ல அரசாங்கம் சரணாலயமா அறிவிச்சிருச்சு. அதுவும் வடக்கேயிருந்து வந்ததுதான், ஸ்வெட்டர் போடாம. வர்ற வழியில பனங்கிழங்கு ஒரு கட்டு வாங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, தும்பைக் கிழிச்சுட்டு, நடுவுல இருக்குற பீலியை எடுத்துட்டுத் திங்கணும். போன தடவை பீலியோட மென்னுட்டு ருசியே இல்லைன்னு நீ சொன்னதை ஊர் இன்னும் மறக்கல.

இன்னொண்ணு. டிவியில பாம்பனில் கூண்டு ஏத்தினாங்கன்னு சொன்னா, ஏதோ கிளிக்கூண்டுன்னு நெனைச்சுக் காலை ஆட்டிக்கிட்டு உக்காந்துராத. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒண்ணாம் நம்பர்லயிருந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கு. காத்து மிஞ்சினா மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது, விசைப்படகு ஒண்ணும் நகராது. பழைய பாம்பன் பாலத்துல ரயில் ஓடுன காலத்துல, மணிக்கு 58 கிலோமீட்டரைக் காத்து தாண்டினா சிக்னல் தானாச் சிவப்பாயிரும், ரயில் கரையிலயே நிக்கும். அப்ப நீ வந்திருந்தா, லீவு முடியுற அன்னைக்குப் பார்த்துத்தான் உனக்குக் காத்து அடிக்குதுன்னு உன் மேனேஜர் சந்தேகப்பட்டிருப்பாரு.

இதுல மட்டும் கிண்டல் இல்ல. 1964 டிசம்பர் 22 ராத்திரி, இதே மார்கழியிலதான், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயல் அலை கொண்டுபோச்சு. அதுல இருந்த நூத்துக்கும் மேலான பேருல ஒருத்தரும் திரும்பல. ஊரே போச்சு. நீ போயி நின்னு படம் எடுக்குற இடிஞ்ச சர்ச்சு, ஸ்டேஷன் எல்லாம் அந்த ராத்திரி மிச்சம் வச்சது. சிதைஞ்ச பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன்னு ஒரு இளம் இஞ்சினியர் 46 நாள்ல சரி பண்ணினாரு. உங்க டெல்லி மெட்ரோவைக் கட்டினாரே, அவரேதான். அதனால காத்து திரும்புதுன்னு கரைக்காரன் சொன்னா, செல்போனைத் தடவிக்கிட்டு நிக்காம உடனே கிளம்பு.

இவ்வளவு புத்தி சொன்னதுக்கு மாமன் உன்கிட்டக் காசு கேக்கப் போறதில்ல. வாடைக்காலம்கிறதால இப்ப தென்கடல் பக்கம் வலை போட்டிருக்கோம், கயிறு இழுக்க ஆள் பத்தல. நாளைக்கு விடியுமுன்ன வந்துரு. கயிறைப் பிடிச்சு நாலு இழுப்பு இழுத்தா உடம்பு தானாச் சூடாயிரும். கூலி மீனாத்தான் தருவேன், அதுவும் பாடு நல்லா விழுந்தாத்தான்.