இருபத்தேழு அவுட்டுகளின் கணக்கு

கேள்வி: பழங்கால பேஸ்பால் அணிகளைப் பகடையாலும் அட்டையாலும் மீண்டும் ஆடவைக்கும் கற்பனை லீக்கில், தொடர்ந்து தோற்கும் அணியை மேலாளர் எவ்வாறு மீட்கலாம்?
- வாசகர், லூயிஷாம், லண்டன்

பதில்: லூயிஷாமிலிருந்து இக்கேள்வி எழுவது பொருத்தமே; ஏனெனில் அவ்வட்டாரத்துக் கேட்ஃபோர்டுக்கு 1936இல் லண்டன் மேஜர் பேஸ்பால் லீக்கில் ‘செயின்ட்ஸ்’ என்ற சொந்த அணியே இருந்தது.

நீங்கள் கேட்கும் வகையைச் சேர்ந்த, 1961இல் ஹால் ரிச்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் ஆட்டத்தில் மூன்று பகடைகள் உருள்கின்றன. அவற்றுள் ஒன்று 1 முதல் 3 வரை காட்டினால் மட்டையாளரின் அட்டையும், 4 முதல் 6 வரை காட்டினால் பந்தெறிபவரின் அட்டையும் விளைவைத் தீர்மானிப்பதால், பந்தெறிபவரைப் புறக்கணிக்கும் மேலாளர் பாதி ஆட்டத்தை முன்கூட்டியே இழக்கிறார்.

தோல்வி திறமைக் குறைவா, பகடையின் சதியா என்பதை அறிய, பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த சூத்திரம் உதவும்: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிர்பார்க்கத்தக்க வெற்றி விகிதம் கிடைக்கும். 600 ரன் எடுத்து 700 கொடுத்த அணி, 154 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் சுமார் 65இல் வெல்ல வேண்டும். 55இல் மட்டுமே வென்றிருந்தால், ஆட்களை மாற்றுவதைவிடப் பொறுத்திருப்பதே அறிவுடைமை.

திறமையே குறைவெனில், ஓர் ஆட்டத்துக்கு உரிய 27 அவுட்டுகளை வீணாக்காதவர்களைத் தேட வேண்டும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதான்; ஆனால் பேஸ்பாலில், அடிப்பதற்குரிய எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை அடிக்காமல் விடுகிற பொறுமைசாலியும் முதல் தளத்துக்கு நகர்ந்துவிடுகிறார்!